நாலாவது மடை எங்கிருந்து வந்தது? ஒரு வியூபோர்ட் எல்லைக் கோளாறின் ஆய்வு

மேலூர் வட்டாரத்தில் ஒரு கண்மாய். மூன்று மடை, நிறைந்த நீர் வழிந்து வெளியேற ஒரு கலுங்கு, ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் கரை. கரையைப் பலப்படுத்தி மடைகளைப் பழுது பார்க்கும் வேலைக்காக நான்கு ஏ3 தாள்களில் வரைபடம் தயாராகி, ஒப்பந்ததாரர் கையால் ஆபீஸுக்குப் போயிருந்தது. போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. மூன்றாம் தாளின் இடது ஓரத்தில் இருந்த ஒரு மடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'இது எந்த மடை? மதிப்பீட்டில் மூன்றுதானே' என்று எழுதியிருந்தார்கள்.

வரைந்தது நாங்கள் அல்ல, வேறொரு இடத்தில் செய்த வேலை. வரைந்தவர் ஊரில் இல்லை என்பதால் ஒப்பந்ததாரர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மதுரை அண்ணா நகரில் வரைபட வேலை செய்யும் எங்களிடம் வந்தார். "எங்க தாத்தா காலத்துல இருந்தே மூணு மடைதான் தம்பி. இந்த நாலாவது மடையை யாரு கட்டுனா, எப்பக் கட்டுனா?" என்று கேட்டார். கேள்வி வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் பணம் சம்பந்தப்பட்டது. மதிப்பீட்டில் இல்லாத ஒரு மடை வரைபடத்தில் நின்றால் பில் அங்கேயே படுத்துவிடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடையை யாரும் கூடுதலாக வரையவில்லை. மாடல் ஸ்பேஸில், அதாவது நிலத்தை உண்மை அளவில் வரையும் இடத்தில், மூன்றுதான் இருந்தது. நடுவில் இருக்கும் இரண்டாவது மடையே இரண்டு தாளில், இரண்டு வேறு கோணத்தில் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது, ஏன் அது புது மடை போலத் தோன்றியது, மாடலைத் தாளில் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டின் வடிவத்தை எப்படித் திருத்தினோம் என்பதுதான் இந்த ஆய்வு. மென்பொருள் ஆட்டோகேட்.

செவ்வகம் ஏன் போதவில்லை

நம் பக்கத்துக் கண்மாய்களின் கரை நேராக இருக்காது. நிலம் சரிந்து இறங்கும் பக்கத்தை மறித்து வில்லாக வளைத்துக் கட்டியிருப்பார்கள். வில்லின் உட்பக்கம் தண்ணீர் நிற்கும் உள்வாய், வெளிப்பக்கம் ஆயக்கட்டு வயல்கள். இப்படி வளைகிற கரையைத் தாள் தாளாக நறுக்கி, ஒவ்வொரு தாளிலும் கரை கிடைமட்டமாகப் படுக்கும்படி காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு வியூபோர்ட்டிலும் பார்வையைத் திருப்பியாக வேண்டும். வரைந்தவர் அதைச் சரியாகவே செய்திருந்தார். டிவியூ கட்டளையின் ட்விஸ்ட் மூலம் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கோணம். இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் வித்தியாசம் 25 டிகிரி.

அடுத்தடுத்த இரண்டு செவ்வகங்களை இப்படிச் சாய்த்துக் கரையின் நடுக்கோட்டில் சேர்த்து வைத்தால், உள்வாய்ப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆயக்கட்டுப் பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சநஞ்சம் இல்லை. கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போனால் 25 டிகிரி திருப்பத்தில் இடைவெளி 26 மீட்டரைத் தாண்டும். அதற்குள் சர்வே எண்ணின் ஒரு உட்பிரிவே காணாமல் போய்விடும். அதனால் செவ்வகத்தைப் பெரிதாகப் போட்டு, பிறகு அதைப் பலகோணமாக வெட்டிக்கொள்வதுதான் வழி. இந்தக் கோப்பிலும் நான்கு தாளிலும் வியூபோர்ட்டுகள் பலகோணமாக வெட்டப்பட்டிருந்தன. ஆனால் அச்சில் வந்த தாளில் நான்குமே செவ்வகம்!

ஒரே படம், இரண்டு நிலை

ஒப்பந்ததாரரிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று வரைந்தவர் மின்னஞ்சலில் அனுப்பியது. மற்றொன்று பிரிண்ட் கடையில் திறந்து, ஏதோ மாற்றி, பென் டிரைவில் சேமித்தது. முதல் கோப்பைத் திறந்தால் மூன்றாம் தாளில் அந்த மடை இல்லை. பலகோணம் ஒழுங்காக வெட்டியிருந்தது. இரண்டாவதைத் திறந்தால் மடை இருக்கிறது. இரண்டிலும் மாடல் ஸ்பேஸ் ஒன்றுதான், வியூபோர்ட்டின் ஸ்கேலும் திருப்பமும்கூட அப்படியே இருந்தன.

கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்குகளான லேயர்களின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. வியூபோர்ட் எல்லைக்கென்று ஒரு நீல நிற லேயர். முதல் கோப்பில் அதற்கு நேரே சூரியன், இரண்டாவதில் பனித்துளி. யாரோ அந்த லேயரை ஃப்ரீஸ் செய்து, அதாவது உறைய வைத்து, முடக்கியிருக்கிறார்கள்.

விசாரித்தால் நடந்தது இதுதான். முதல் அச்சில் பலகோணத்தின் கோடு படத்தைச் சுற்றிக் கறுப்பாக விழுந்திருக்கிறது. நீலமாக இருந்தாலும் மோனோகுரோம் பிளாட் ஸ்டைலில் எல்லா நிறமும் கறுப்புத்தான். ஒப்பந்ததாரர், "அந்தச் சுத்துக்கோடு எதுக்குப்பா, எடுத்துரு" என்று சொல்ல, கடைப் பையன் லேயரை ஃப்ரீஸ் செய்து எடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செவ்வக வியூபோர்ட்டுக்கு இது நன்றாகவே வேலை செய்கிற வழி: லேயரை ஃப்ரீஸ் செய்தால் சட்டம் மட்டும் மறையும், உள்ளே இருக்கும் படம் அப்படியே நிற்கும். தினமும் வீட்டு பிளான் அச்சிடுகிறவனுக்கு அதுதான் பழக்கம். வெட்டிய வியூபோர்ட்டில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

பல்பு, சூரியன், பிரிண்டர்

காரணம், வெட்டிய வியூபோர்ட் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்று வியூபோர்ட், மற்றொன்று அதை வெட்டும் எல்லைப் பொருள். எல்லையாக நிற்பது மூடிய பாலிலைனாக (தொடர்கோடாக) இருக்கலாம், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மூடிய ஸ்ப்லைனாகவோ ரீஜனாகவோ இருக்கலாம். நாம் ஒரு பொருளைக் காட்டி வியூபோர்ட் கேட்டால், ஆட்டோகேட் முதலில் அந்தப் பொருளின் நீள அகலத்துக்கு ஒரு செவ்வக வியூபோர்ட்டை வைக்கிறது. பிறகு அந்தப் பொருளைக் கொண்டு அதை வெட்டுகிறது. ஆக, பலகோணத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு செவ்வகம் காத்துக்கொண்டிருக்கிறது. எல்லை இருக்கும் லேயரை ஃப்ரீஸ் செய்தால் வெட்டு செயல்படாது. செவ்வகம் முழுதாக வெளியே வந்துவிடும். மூன்றாம் தாளில் வந்தது இந்தச் செவ்வகம்தான். அதன் இடது மூலைக்குள் இரண்டாவது மடை விழுந்துவிட்டது.

லேயர் பட்டியலில் ஒரே வரிசையில் மூன்று சின்னங்கள் இருக்கின்றன. மூன்றுமே அச்சில் கோட்டை மறைக்கும், ஆனால் விளைவு வேறு வேறு. பல்பை அணைத்தால் எல்லைக் கோடு திரையிலும் தாளிலும் மறையும், வெட்டு நிற்கும். சூரியனைப் பனித்துளியாக மாற்றினால் கோடு மறையும், வெட்டும் போய்விடும். பிரிண்டர் சின்னத்தைத் தடுத்தால் கோடு திரையில் தெரியும், தாளில் விழாது, வெட்டு நிற்கும்.

இந்த வேலைக்கு நாங்கள் எடுத்தது மூன்றாவது. பல்பை அணைப்பதும் தவறில்லை. ஆனால் எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போனால், நாளைக்கு வேறொருவர் கோப்பைத் திறக்கும்போது வெட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போட்டால் தானாகவே அச்சில் வராதே என்று சிலர் கேட்பார்கள். வராதுதான். ஆனால் டெஃப்பாயின்ட்ஸைக் கண்டாலே ஃப்ரீஸ் செய்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. தனி லேயர், அதற்கு 'ஃப்ரீஸ் செய்யாதே' என்று பெயரிலேயே ஒரு குறிப்பு. பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது.

பனித்துளியை எடுத்துச் சூரியனாக்கி, பிரிண்டரைத் தடுத்து, மீண்டும் பிடிஎஃப் எடுத்தோம். நாலாவது மடை போய்விட்டது. இதற்கு எடுத்த நேரம் டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

இரண்டாவது மடை ஏன் 'புது' மடை ஆனது

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். ஒரே மடை இரண்டு தாளில் தெரிந்தால், பார்க்கிறவர் 'இது போன தாளில் வந்ததுதானே' என்று புரிந்துகொள்ள மாட்டாரா? மடையை வட்டமிட்ட ஆபீஸ் பொறியாளர் அனுபவசாலி. அவர் ஏன் குழம்பினார்?

இரண்டாம் தாளில் 'மடை 2' என்ற எழுத்தும் அம்புக்குறியும் பேப்பர் ஸ்பேஸில், அதாவது தாளின் மேலேயே, இருந்தன. அதனால் அவை அந்தத் தாளோடு நின்றுவிட்டன. மூன்றாம் தாளில் அதே மடை பெயரில்லாமல், 25 டிகிரி திரும்பி, பழைய கல்தூண் இரண்டோடு நின்றது. பெயரில்லாத மடையைப் பார்க்கிறவர் புதிது என்றுதான் நினைப்பார். பெயர் மாடல் ஸ்பேஸில் இருந்திருந்தால் இரண்டு தாளிலும் 'மடை 2' என்றே வந்திருக்கும். கோளாறு கோளாறாகவே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. தரையில் இருக்கும் பொருளின் பெயர் தரையோடு, அதாவது மாடலில் இருக்க வேண்டும். தாளுக்கு மட்டும் உரிய தலைப்பு, தாள் எண், 'தாள் 3 பார்க்க' போன்றவை மட்டும் பேப்பரில். வரைந்தவர் ஏன் பேப்பரில் எழுதினார் என்பதும் புரிகிறது. பார்வையைத் திருப்பினால் மாடலில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து சாயும், ஒரு தாளில் தலைகீழாகக்கூட நிற்கும். அதற்கு வழி இருக்கிறது. எழுத்து ஸ்டைலை அன்னோடேடிவ் (ஸ்கேலுக்கேற்ப அளவு தானாக அமையும் வகை) ஆக்கி, லேஅவுட்டின் (தாளின்) திசைக்குப் பொருந்தும்படி ஒரு டிக் வைத்தால் போதும். எந்தத் திருப்பத்திலும் எழுத்து தாளுக்கு நேராகவே நிற்கும். சர்வே எண்களையும் மடைப் பெயர்களையும் அப்படி மாற்றினோம். வடக்கு அம்புக்குறிக்கு மட்டும் அந்த டிக் இல்லை. அது தாளோடு திரும்பினால் வடக்கு பொய்யாகிவிடும். எனவே சாதாரண பிளாக்காக மாடலில் வைத்து, ஒவ்வொரு வியூபோர்ட் வழியாகவும் தெரியும்படி விட்டோம்.

சரியான வெட்டிலும் ஒரு ஓட்டை

எல்லையைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு இரண்டாம் தாளையும் மூன்றாம் தாளையும் அச்சிட்டு, மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தோம். எங்களிடம் வரைகிற பெண்தான் முதலில் கவனித்தாள்: "சார், இந்த வாய்க்கால் இங்க முடிஞ்சிருது, அந்தத் தாள்ல நாலு மீட்டர் தள்ளி ஆரம்பிக்குது." இடையில் இருந்த நிலம் எந்தத் தாளிலும் இல்லை.

பலகோணங்களை ஒவ்வொரு லேஅவுட்டிலும் கண்மதிப்பில் வரைந்ததால் வந்த வினை. இரண்டாம் தாளின் வலது ஓரமும் மூன்றாம் தாளின் இடது ஓரமும் தரையில் ஒரே கோடாக இருக்க வேண்டும். ஆனால் தாளைப் பார்த்து வரையும்போது தரையில் அது எங்கே விழுகிறது என்று தெரியாது. கரையின் மேல் இரண்டும் ஒழுங்காகவே சேர்ந்தன. கரையை விட்டு வயல் பக்கம் போகப் போக விலகின. முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் வளைவு குறைவு என்பதால் அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாத அளவு.

வியூபோர்ட் எல்லையைத் திருத்தப் பல வழிகள் உண்டு. முனைகளில் இருக்கும் கிரிப் என்ற சின்னப் பிடியைப் பற்றி இழுக்கலாம். செவ்வக வியூபோர்ட்டில் ஒரு மூலையை இழுத்தால் அது செவ்வகமாகவே பெரிதாகும் அல்லது சிறிதாகும்; பலகோணமாக வெட்டியதில் ஒவ்வொரு முனையும் தனித்தனியாக நகரும். சின்னத் திருத்தத்துக்கு இது போதும், ஸ்கேலும் மாறாது. ஆனால் இங்கே தேவை தரையில் துல்லியமாக ஒரே கோடு. இழுத்து இழுத்துப் பார்த்து அதைக் கொண்டுவர முடியாது.

எல்லையை நிலத்தில் வரைந்து தாளுக்கு அனுப்புவது

நாங்கள் செய்தது தலைகீழ். பலகோணங்களை மாடல் ஸ்பேஸில், கண்மாயின் மேலேயே வரைந்தோம். முதலில் ஒவ்வொரு தாளிலும் கரை போகும் திசைக்கு ஒரு நேர்கோடு. அடுத்தடுத்த இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு, அதுதான் மேட்ச் லைன். அந்தக் கோட்டை இரண்டு பக்கத் தாளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எனவே ஆப்பும் இல்லை, ஏறிக்கொள்வதும் இல்லை.

இன்னொரு நுணுக்கம். எல்லை சரியாக மேட்ச் லைன் மேலேயே விழுந்தால் அந்தக் கோட்டின் தடிமனில் பாதி வெட்டப்பட்டு அச்சில் மெலிந்து வரும். எனவே ஒவ்வொரு பலகோணத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் மேட்ச் லைனைத் தாண்டி 5 மீட்டர் வெளியே தள்ளினோம். 1:1000இல் அது தாளில் 5 மில்லிமீட்டர். இரண்டு தாளிலும் மேட்ச் லைன் முழுதாக விழும், தாண்டியும் கொஞ்சம் நிலம் தெரியும். களத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தக் கொஞ்சம்தான் கை கொடுக்கும். இரண்டாவது மடை அந்தக் கோட்டிலிருந்து 20 மீட்டர் உள்ளே இருந்ததால் மறுபடி இரண்டு தாளில் வரும் ஆபத்தும் இல்லை.

அப்புறம் தாளுக்கு அனுப்புவது. பலகோணத்தை அதே இடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த கட்டளை நகல் எடுக்காது, பொருளையே தூக்கிக்கொண்டு போய்விடும். லேஅவுட்டுக்குப் போய், ஏற்கெனவே இருக்கும் வெட்டை, வியூபோர்ட்டை வெட்டும் வி.பி.கிளிப் கட்டளையின் டெலீட் மூலம் எடுத்துவிட்டால் பழைய செவ்வகம் திரும்பும், பலகோணம் முழுதாகக் கண்ணில் படும். வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து சி.எச்.ஸ்பேஸ் கட்டளையில் நகலைத் தேர்ந்தெடுத்தால், அது பேப்பர் ஸ்பேஸுக்கு வந்துவிடும், வியூபோர்ட்டின் ஸ்கேலுக்கும் திருப்பத்துக்கும் ஏற்பத் தானாகவே மாறி, கண்ணுக்கு இருந்த இடத்திலேயே. கடைசியாக வெளியே வந்து மறுபடி வி.பி.கிளிப்: முதலில் வியூபோர்ட்டைக் காட்ட வேண்டும், பிறகு அந்தப் பலகோணத்தை. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் படம் நகராது, ஸ்கேல் மாறாது, சட்டம் மட்டும் புது வடிவம் எடுக்கும்.

பழைய வெட்டை எடுக்காமலேயேகூடப் புதுப் பொருளைக் காட்டலாம். அப்போது பழைய எல்லையை ஆட்டோகேட்டே அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். நாங்கள் டெலீட் செய்தது பலகோணம் முழுவதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான். பலகோணம் வரையும்போது கடைசி முனையைத் தொடக்கப் புள்ளியில் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தாமல், பாலிலைனின் குளோஸ் விருப்பத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். ஒட்டினாற்போலத் தெரிந்து, ஒட்டாமல் ஒரு மயிரிழை இருந்துவிட்டால் எல்லையாக ஏற்காது, காரணம் தேடிக்கொண்டு உட்கார வேண்டும்.

வெள்ளைப் பூச்சு

நான்காம் தாளில் வேறொரு தில்லுமுல்லு. வலது கீழ் மூலையில் தலைப்புக் கட்டம். வியூபோர்ட் அதன் மேல் ஏறியிருந்தது. வெட்டுவதற்குப் பதில் வைப்அவுட் என்ற வெள்ளை மறைப்பு ஒன்றை அங்கே போட்டு மூடி, அதன் மேல் தலைப்புக் கட்டத்தை வைத்திருந்தார்கள். திரையில் சுத்தம். பிரிண்ட் கடையில் எடுத்த தாளில் பட்டா நிலக் கோடுகள் தலைப்புக் கட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

ஆட்டோகேட் அச்சிடும்போது வழக்கமாகப் பேப்பர் ஸ்பேஸில் இருப்பதை முதலில் போட்டு, மாடலில் இருப்பதை அதன் மேல் போடும். பேஜ் செட்டப்பில் 'பிளாட் பேப்பர்ஸ்பேஸ் லாஸ்ட்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதை வைத்தால் வரிசை மாறும், வைப்அவுட் மேலே வரும். வரைந்தவரின் பேஜ் செட்டப்பில் அது இருந்தது. கடையில் தங்கள் பிளாட்டருக்கென்று வைத்திருந்த பேஜ் செட்டப்பைப் போட்டிருக்கிறார்கள், அதில் இல்லை. ஒரு டிக்கை நம்பி நிற்கிற மறைப்பு, ஓட்டைக் குடிசைக்கு மேல் தார்ப்பாய் போட்ட மாதிரிதான்.

செவ்வகம் அல்லாத வியூபோர்ட் வந்தது ஆட்டோகேட் 2000இல், அதாவது 1999ஆம் ஆண்டு. பேப்பர் ஸ்பேஸ் 1990இலேயே ரிலீஸ் 11இல் வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் வியூபோர்ட்டை வேறு வடிவத்தில் வெட்ட வழியில்லை. அந்தக் காலத்தில் கற்றவர்களிடம் கற்றவர்கள் இன்னும் வெள்ளை அடிக்கிறார்கள். வைப்அவுட்டை அழித்து, வி.பி.கிளிப்பில் பலகோண விருப்பத்தைக் கொடுத்து, தலைப்புக் கட்டத்தை ஒட்டி 'ட' போல மடங்கும் எல்லையை அங்கேயே புள்ளி புள்ளியாக வைத்தோம். கேட்கிற கேள்விகள் பாலிலைன் வரைகிற மாதிரியேதான், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

மடைக்கு வட்டம், கலுங்குக்கு அறுகோணம்

நான்காம் தாளின் காலியிடத்தில் மூன்று மடைகளையும் கலுங்கையும் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதும் ஆபீஸ் கேட்டிருந்த ஒன்று. பேப்பரில் 90 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டம் வரைந்து, எம்வியூ கட்டளையின் ஆப்ஜெக்ட் விருப்பத்தில் அதைக் காட்டினால் வட்ட வியூபோர்ட் ரெடி. 1:100இல் தரையில் 9 மீட்டர் தெரியும். மடைக்கு அது தாராளம். பிறகு இடம் போதவில்லை என்றால் வட்டத்தின் கிரிப்பை இழுத்து ஆரத்தைக் கூட்டலாம். ஸ்கேல் அப்படியே நிற்கும், நிலம் மட்டும் கூடுதலாகத் தெரியும்.

கலுங்கு 24 மீட்டர் நீளம். 1:100இல் 240 மில்லிமீட்டர், தாளில் இடமில்லை. 1:200க்கு இறங்கி 120 மில்லிமீட்டரில் காட்டினோம். அதற்கும் வட்டம் போட்டால் மேலும் கீழும் வெறும் புல்வெளி, அளவுக் கோடுகளின் நுனிகள் வளைவில் அறுபடும். நீண்ட அறுகோணம் போட்டோம். உண்மையைச் சொன்னால் வட்ட வியூபோர்ட் பார்க்க அழகு, அளவு எழுத இம்சை. சின்ன, தனியாக நிற்கும் பொருளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வியூபோர்ட்டின் எல்லைக்குள் இன்னொன்று உட்கார்ந்திருந்தால், உள்ளே இருப்பதைக் கிளிக் செய்து எழுப்ப முடியாமல் சிலர் திண்டாடுவார்கள். ஒன்றுக்குள் நுழைந்த பிறகு கன்ட்ரோல் ஆர் அழுத்திக்கொண்டே போனால் ஒன்று மாற்றி ஒன்றாக எல்லா வியூபோர்ட்டுக்கும் போகும்.

1:1 என்ற பெயர்

எல்லாம் முடிந்து கோப்பை அனுப்பும் முன் ஒரு முன்னெச்சரிக்கை. சர்வே மீட்டரில், தாள் மில்லிமீட்டரில். தரையில் ஒரு மீட்டர் தாளில் ஒரு மில்லிமீட்டராக விழுந்தால் அதுதான் 1:1000. ஆட்டோகேட்டைப் பொறுத்தவரை ஒன்றுக்கு ஒன்று. எனவே கீழே ஸ்டேட்டஸ் பாரில் ஸ்கேல் '1:1' என்று காட்டும். இதைப் பார்த்த யாராவது 'ஐயோ, தலைப்பில் 1:1000 என்று போட்டிருக்கிறதே' என்று பட்டியலில் 1:1000ஐத் தேர்ந்தெடுத்தால் கண்மாய் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, வெட்டிய எல்லைக்குள் ஒரு புள்ளியாகிவிடும்.

ஸ்கேல் பட்டியலைத் திருத்தும் ஸ்கேல்லிஸ்ட்எடிட்டில் புதிதாக 'மீட்டர் 1:1000' என்று ஒரு பெயர் சேர்த்து, தாளில் 1 அலகுக்கு வரைபடத்தில் 1 அலகு என்று கொடுத்தோம். அதேபோல 'மீட்டர் 1:100'க்கு 10க்கு 1, 'மீட்டர் 1:200'க்கு 5க்கு 1. பிறகு எல்லா வியூபோர்ட்டையும் லாக் செய்தோம். லாக் செய்த வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் தாள்தான் பெரிதாகிச் சிறிதாகும், ஸ்கேல் கலையாது. மாடலைத் திருத்த வேண்டுமென்றால் வி.பி.மேக்ஸ் கொடுத்து வியூபோர்ட்டைத் திரை முழுவதும் விரித்து, வேலை முடிந்ததும் வி.பி.மின் கொடுத்துத் திரும்புவது இன்னும் பாதுகாப்பு.

திருத்திய நான்கு தாள்களும் ஆபீஸில் மடை பற்றிய கேள்வி இல்லாமல் போய்விட்டன. கலுங்கின் மட்டம் பற்றி ஒரு கேள்வி வந்தது, அது சர்வேயர் பதில் சொல்ல வேண்டியது.

வேறு கோப்பில் இதே தொல்லை வந்தால்

நேற்றுவரை வெட்டியிருந்த வியூபோர்ட் இன்று செவ்வகமாகத் தெரிந்தால் எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு. முதலில் லேயர் பட்டியலில் பனித்துளி இருக்கும் எல்லா லேயரையும் பாருங்கள். வியூபோர்ட் சம்பந்தப்பட்ட எதுவும் அதில் இருந்தால் எடுத்துவிட்டு ஒரு முறை ரீஜென் (திரையை மறுபடி வரையும் கட்டளை). பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்டீஸைத் திறக்க வேண்டும். 'கிளிப்டு' என்ற வரியில் 'யெஸ்' இருந்தால் எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலே இருக்கும் கீழிறங்கும் பட்டியலில் வியூபோர்ட் தனியாகவும் பாலிலைன் தனியாகவும் வரும். இரண்டும் எந்தெந்த லேயரில் இருக்கின்றன என்று அங்கே தனித்தனியாகப் பார்த்து, வேண்டுமானால் மாற்றலாம். 'நோ' என்று இருந்தால் யாரோ டெலீட் கொடுத்து வெட்டையே எடுத்துவிட்டார்கள். லேயரை நோண்டிப் பயனில்லை; மாடலில் பலகோணத்தை வைத்திருந்தால் அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, சி.எச்.ஸ்பேஸ், வி.பி.கிளிப் என்று மறுபடி போட வேண்டியதுதான். இந்தக் கண்மாய்க் கோப்பில் அந்த நான்கு பலகோணங்களையும் மாடலிலேயே, அச்சில் வராத தனி லேயரில் விட்டு வைத்திருக்கிறோம்.